அடியில ஒரே பாறை

ஊஞ்சக்காட்டு மேட்டு ஆம்பளைகளைக் கேட்டால், பூமிக்குள் இறக்குகிற எத்தனையாவது இரும்பு ராட்டில் பாறை தட்டும், எத்தனையாவதில் ஈரம் தட்டும் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். வீட்டுக்குள்ளே படுத்திருக்கிற பெண்டாட்டி தூங்குகிறாளா முழித்திருக்கிறாளா என்று கேட்டால் மட்டும் தலையைச் சொறிவார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிக்குப் போகிற ஊர்களில் அதுவும் ஒன்று. தை பிறந்தால் வண்டியேறி, ஒரிசா என்பார்கள், சத்தீஸ்கர் என்பார்கள், பேரே வாயில் நுழையாத காடுகள் என்பார்கள், அங்கெல்லாம் பூமியைத் துளைத்துவிட்டு மழை பிடித்த பிறகுதான் திரும்புவார்கள். அதனால் அந்த ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா, சௌக்கியமா என்று கேட்கிற வழக்கமே கிடையாது. "தண்ணி வருதா?" என்றுதான் கேட்பார்கள். கல்யாணப் பந்தலில் பார்த்தாலும் அதுதான், எழவு வீட்டு வாசலில் பார்த்தாலும் அதுதான், போனை எடுத்தாலும் முதல் பேச்சு அதுதான். "வருதுங்" என்று பதில் சொல்லிவிட வேண்டும், அது மரியாதை.

அந்த ஊரில் தவமணியின் உடம்புக்குள் போர் ஓட ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதத்துக் காலையில்.

தவமணி பஞ்சு மில்லில் முழு நைட்டு பார்க்கிறவள். ஊர் எழுந்து பல் விளக்குகிற நேரத்துக்கு வந்து, தலைமயிரில் ஒட்டிய பஞ்சைத் தட்டி, குளித்து, இருக்கிறதைத் தின்றுவிட்டு, பின்கட்டு அறையில் கயிற்றுக் கட்டிலில் சாய்வாள். அன்றைக்கும் அப்படித்தான் சாய்ந்தாள். கண் சொருகி, நினைப்பு அறுந்து, தூக்கமும் இல்லை முழிப்பும் இல்லை என்கிற விளிம்புக்கு வந்தபோது, நெஞ்செலும்புக்குள் ஏதோ கிர்ரென்று கிளம்பி, முதுகுத்தண்டு வழியாக இறங்கி, குதிகால் வரைக்கும் ஓடியது. திடுக்கிட்டுக் கையைத் தூக்கிப் பார்த்தாள், கை நடுங்கவில்லை. காலைப் பார்த்தாள், காலும் சும்மாதான் கிடந்தது. சைலண்டில் போட்ட செல்போனை யாரோ எலும்புக்குள் வைத்துத் தைத்துவிட்ட மாதிரி உள்ளுக்குள் மட்டும் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தால் இல்லை. மூடி, மனசு தளர்ந்ததும் மறுபடி கிர்ர். மத்தியானம் முழிப்புத் தட்டியபோது, அவள் எழுவதற்கு முன்னாலேயே அது எழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் பயந்தாள். ஈரோட்டில் நர்சிங் படிக்கிற மகள் தர்ஷினி லீவுக்கு வந்தபோது அவளிடம் சொன்னாள். மகள் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் இதயத்தைப் பார்த்தார், நரம்பைப் பார்த்தார், முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். "சிலருக்குத் தூங்கப் போறப்பவும் முழிக்கறப்பவும் இப்படி இருக்கும்மா. ஏன்னு முழுசாத் தெரியல. ஆபத்து இல்ல" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நல்ல மனுஷன், தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். தவமணி மாத்திரையை விழுங்கினாள். நடுக்கம் அதுபாட்டுக்கு ஓடியது. ஆனால் பத்து நாள் போவதற்குள் அவளுக்கு ஒன்று புரிந்துபோனது: மில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு அவள் எட்டு எடுத்து வைத்து நடப்பது தூக்கத்துக்காக இல்லை, அந்த நடுக்கத்துக்காக. வீட்டில் யாரோ காத்திருக்கிறார்கள் என்கிற நடை அது. அந்த நடையை அவள் மறந்து மூணு வருசமாகியிருந்தது.

மூணு வருசத்துக்கு முன்னால் அவள் புருஷன் மாதேசன் இந்தப் பக்கத்துக்கே ராசியான கை. ட்ரில்லர் வேலை, வண்டிப் பக்கத்தில் நின்று லீவரைப் பிடிக்கிறவன். நிலத்துக்காரர்கள் வண்டியைக் கூப்பிடுகிறபோதே "மாதேசன் கையில தேங்கா ஒடைக்கோணும்" என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவனுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு ராடு மாட்டியதும் மற்ற ட்ரில்லர்கள் போல உடனே அழுத்திவிட மாட்டான். காற்றை ரெண்டு தடவை சின்னதாக ஊதுவான், கொஞ்சம் விடுவான், பிறகு ஒரு தடவை நீளமாக ஊதுவான், அதற்கப்புறம்தான் ஹேமர் இறங்கும். "கல்லுக்கிட்டச் சொல்லிட்டுத்தான் உள்ள போகோணும்" என்பான். வீட்டுக் கதவைத் தட்டினாலும் அதே கணக்குத்தான், டொக் டொக், அப்புறம் டொக். கல்யாணமான புதிதில் அந்தத் தட்டலுக்குத் தவமணி அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடுவாள்.

அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு நாள் பொகை வந்தது. மாரியம்மன் கோயிலுக்குப் போர் போட்டார்கள், சொந்த ஊர், சொந்தச் சாமி, ஊரே கூடி நின்றது. மாதேசன்தான் தேங்காய் உடைத்தான், மாதேசன்தான் லீவரைப் பிடித்தான். ராடு இறங்க இறங்க வெறும் தூசிதான் வந்தது. காய்ந்த போரை அந்த ஊரில் பொகை என்பார்கள், புகை மாதிரி எழும்பி ஆள் மேலெல்லாம் படிந்துவிடும். வண்டியில் ராடு தீர்கிற வரைக்கும் இறக்கினான். சாயங்காலம் வெள்ளை வெளேரென்று நின்றான், கண் மட்டும் தெரிந்தது. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் கொடுமை. ஒருத்தன் திட்டியிருந்தால் மல்லுக்கட்டி ஆறியிருப்பான். அடுத்த போருக்கு நிலத்துக்காரர் தேங்காயை வேறொரு கையில் கொடுத்தார், அதற்கடுத்த போருக்கும் அப்படியே. மாதேசன் வேறு ஊர் வண்டி ஒன்றில் ஏறி வடக்கே போய்விட்டான். தவமணி ஷிப்டு முடிந்து வந்தபோது போர்வை மடித்து வைத்திருந்தது.

கொஞ்ச நாள் போன் பேசினான். போனை எடுத்ததும் தவமணி ஊர் வழக்கப்படி, "ஏனுங், தண்ணி வருதுங்களா?" என்பாள். அந்தப் பக்கமிருந்து "ம்" என்பான். வாரம் ஒரு போன் மாதம் ஒன்றாகி, பண்டிகைக்கு ஒன்றாகி, பிறகு அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை என்றது. தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவள் யோசிக்காத நாளில்லை, பிடிபடவும் இல்லை. அவளுக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான். சோறு போட்டால் ரெண்டு தட்டு எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறவளுக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்?

நடுக்கத்தை வெளியே கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுப் பாவாயக்கா. அவளுக்கு வாயும் நீளம், காதும் நீளம், மனசு மட்டும் வெண்ணெய். ஒரு காலையில் தயிருக்கு உறை கேட்டு வந்தவள், தவமணி கண் சொருகிக் கிடப்பதையும், கட்டிலடியில் வைத்த சொம்புத் தண்ணீர் வட்டம் வட்டமாகச் சிலுசிலுப்பதையும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுப்பதையும் பார்த்தாள். வேறு ஊராக இருந்தால் பேய் என்று கத்தியிருப்பாள். போர் வண்டி ஊர் இல்லையா, உள்ளங்கையைத் தவமணியின் முதுகில் வைத்துப் பார்த்துவிட்டு, நேரே போய் வண்டி ஓனர் சென்னியண்ணனைக் கூட்டிவந்தாள்.

சென்னியண்ணன் கட்டில் சட்டத்தில் கையை வைத்தார், கண்ணை மூடினார். "கருங்கல்லு ஓடுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப லூசு. மண்ணு சரியுது" என்றார். பிறகு நடுக்கம் நின்றது. "ராடு மாத்தறான்." தூக்கத்துக்கும் முழிப்புக்கும் நடுவில் கிடந்த தவமணியின் உடம்புக்குள், சின்னதாக ஒன்று, சின்னதாக இன்னொன்று, கொஞ்சம் இடைவெளி, பிறகு நீளமாக ஒன்று.

பாவாயக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அடி ஆத்தா! நம்ம மாதேசு!"

தவமணி எழுந்து உட்கார்ந்து அழுதாள். உயிரோடு இருக்கிறான், லீவரைப் பிடிக்கிறான், எங்கேயோ ஒரு கல்லிடம் சொல்லிவிட்டு உள்ளே போகிறான். அவ்வளவு தூரத்தில் ஓடுகிற போர் இங்கே எப்படி வரும் என்று கேட்டதற்கு, சென்னியண்ணன் அதில் என்ன அதிசயம் என்பதுபோல் பார்த்தார். "மேலதான் அம்மிணி தமிழு, தெலுங்கு, இந்தி. அடியில ஒரே பாறை" என்றார். ஊர் அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டது.

விட்டார்களே தவிர, தவமணியை விட்டார்களா? மறுநாளே வாசலில் செருப்புக் குவிந்தது. புருஷன் வண்டிக்குப் போன பெண்களெல்லாம் அவள் படுக்கிற நேரத்துக்கு வந்து முதுகிலும் தோளிலும் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இன்றைக்கு வண்டி ஓடுகிறது, எனவே அந்தப் பக்கம் மழையில்லை, எனவே என் வீட்டுக்காரருக்கும் வேலையிருக்கிறது என்று கணக்குப் போட்டு நிம்மதியாகப் போனார்கள். சிலர் தமக்கும் வரட்டும் என்று பாயைக் கொண்டுவந்து வரிசையாகப் படுத்துப் பார்த்தார்கள். குறட்டைதான் வந்தது. புதுப்பெண் ஒருத்தி மட்டும், "எனக்கும் வருதுக்கா, மெல்லமா வருது" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பொய் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் காட்டிக்கொள்ளவில்லை, பாவாயக்காகூடச் சும்மா இருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டீக்கடையில், வண்டிக்குப் போகாமல் ஊரில் மிஞ்சிய ஆம்பளைகள், "மாதேசன் இன்னைக்கு என்ன பாறைல நிக்கறான்?" என்று பந்தயம் கட்டினார்கள். தவமணி தூங்குகிற நேரத்தில் அந்தத் தெருவில் மிக்ஸி போடக் கூடாது, மைக்செட் வைக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. தன் புருஷன் ஊருக்கே பொதுவாகிப் போனதில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமை. எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி, கடைசி நடுக்கத்தையாவது தனியாக வைத்துக்கொள்வாள்.

சித்திரை போய் வைகாசி வந்தது, மழை வரவில்லை. தெருப் போர் காற்றைக் கக்கியது. லாரித் தண்ணிக்குக் குடம் இடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் ஊருக்கு ஒரு புத்தி தோன்றியது, அந்த ஊருக்கு மட்டுமே தோன்றக்கூடிய புத்தி. இத்தனை நாளாக ஒரு இடத்தில் சொம்புத் தண்ணி சிலுசிலுக்கிறதென்றால் அடியில் என்ன இருக்கும்? நீரோட்டம்தானே! மாதேசன் பேச்சையே மறந்துவிட்டார்கள். தேங்காய் பிடித்து நீரோட்டம் பார்க்கிற ராக்கியண்ணனைக் கூட்டிவந்தார்கள். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார், பின்கட்டுக்குள் நுழைந்தார், தவமணி தூங்கிக்கொண்டிருந்த கட்டிலைச் சுற்றினார். தேங்காய் விறைத்து நின்றது.

"இங்கதான்" என்றார் ராக்கியண்ணன். "கட்டலுக்கு நேர் கீழ."

பின்சுவரை இடிக்க வேண்டும், அப்போதுதான் வண்டி பின்னால் நுழையும். கூரை ஓடுகளைப் பிரிக்க வேண்டும், அப்போதுதான் கம்பம் நிமிரும். இதெல்லாம் பெரிய விஷயமில்லை, ஊர் சேர்ந்து கட்டிக் கொடுத்துவிடும் என்றார்கள். தவமணி கட்டிலை விட்டு எழவில்லை. "முடியாதுங்" என்றாள். "இந்த எடத்துல ஓட்ட போட்டுட்டா அவரு எனக்குள்ள வரமாட்டாரு."

"நீ படுத்து எந்திரிச்சா எங்களுக்கு ஒரு கொடம் தண்ணி வருமா புள்ள?" என்றாள் பாவாயக்கா. கோபமாகத்தான் சொன்னாள், அவளும் மூணு நாளாகத் துணி துவைக்கவில்லை. "மூணு வருசமா வராதவன் நடுக்கமாத்தான் வரப்போறானா?"

"நடுக்கமாவாச்சும் வர்றாருக்கா" என்றாள் தவமணி. ஊர் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

அடுத்த வாரம் நடுக்கம் நின்றுபோனது.

ராடு மாற்றுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு வண்டி ரிப்பேர் என்று நினைத்தாள். பிறகு அந்தப் பக்கம் மழை என்று நினைத்தாள், சென்னியண்ணனிடம் கேட்டாள், மழையில்லை என்றார். கண் சொருகும், நினைப்பு அறுகிற இடம் வரும், அங்கே ஒன்றுமே இருக்காது, வெறும் தூக்கம்தான் இருக்கும். உலகத்தில் எல்லோருக்கும் வரம் மாதிரிக் கிடைக்கிற வெறும் தூக்கத்தை அவள் வெறுத்தாள். மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுப் பகலெல்லாம் படுத்துப் பார்த்தாள். கட்டிலை வடக்கே திருப்பிப் போட்டாள். கட்டிலே வேண்டாமென்று தரையில் படுத்து, சிமெண்டில் காதை வைத்துக் கேட்டாள். பெண்கள் வருவதை நிறுத்தினார்கள். டீக்கடையில் அவள் தலை தெரிந்தால் பேச்சு நின்றது. மனசுக்குள் மாதேசனுக்குக் காரியமே முடித்திருப்பார்கள். சொம்புத் தண்ணி கண்ணாடி மாதிரி நின்றது. அதைப் பார்க்கச் சகிக்காமல் எடுத்துக் குடித்துவிட்டாள்.

தரையில் அப்படிக் கிடந்த ஒரு காலையில்தான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாள் அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், ராட்டுக்கு ஒரு தரம் ரெண்டு சின்னது ஒரு பெரியது என்று தட்டிக்கொண்டே இருந்தான், ஒரு தரமாவது இவள் கதவைத் திறந்தாளா? படுத்து அனுபவித்துக்கொண்டுதானே இருந்தாள்! அடியில் ஒரே பாறை என்றால் அவன் தட்டல் மட்டுமா வரும், இவள் தட்டினால் போகாதா?

முந்தானையைச் செருகிக்கொண்டு சென்னியண்ணன் வீட்டுக்குப் போனாள். "போர் போட்டுக்கலாமுங்ணா. செவுத்த இடிச்சுக்கங்க, ஓட்டப் பிரிச்சுக்கங்க. ஆனா லீவர நாந்தான் புடிப்பேன்."

"பொம்பளையா?" என்றார் சென்னியண்ணன், வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல்.

"அவரு பொண்டாட்டி" என்றாள் தவமணி.

ஊரில் ரெண்டு நாள் இதே பேச்சு. பொம்பளை கை பட்டால் தண்ணி கோபித்துக்கொள்ளும் என்றார்கள் சிலர். தண்ணியே இல்லாத இடத்தில் எது கோபித்துக்கொள்ளப் போகிறது என்று பாவாயக்கா அவர்கள் வாயை அடைத்தாள். கடைசியில் தாகம் ஜெயித்தது. சுவரை இடித்தார்கள். ஓடுகளை இறக்கி வாசலில் அடுக்கினார்கள். கட்டிலைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டார்கள். வண்டி பின்னால் வந்து அறைக்குள் நுழைந்து, கம்பம் கூரையில்லாத வானத்தில் நிமிர்ந்தது. தவமணி தேங்காய் உடைத்தாள். சென்னியண்ணன் பக்கத்தில் நின்று எந்த லீவருக்கு எது என்று காட்டினார். மேல்மண் சரியாமலிருக்கக் கேசிங் பைப் இறங்கியது, பிறகு கல். தவமணி லீவரைத் தொட்டாள். சின்னதாக ஒரு ஊத்து, சின்னதாக இன்னொன்று, கொஞ்சம் விட்டு, நீளமாக ஒன்று. தெருக்கோடி வரைக்கும் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. ஹேமர் இறங்கியது.

ஒவ்வொரு ராட்டுக்கும் அப்படித்தான் ஊதினாள். முதலில் செம்மண் தூசி வந்தது, பிறகு சாம்பல், பிறகு வெள்ளை. குடத்தோடு வந்தவர்கள் குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. ராக்கியண்ணன் தன் தேங்காயைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு எப்போது நழுவினார் என்று யாருக்கும் தெரியாது. ராடு தீர்கிற வரைக்கும் தவமணி விடவில்லை, தூசியில் கண்ணும் மூக்கும் மூடிப்போக, ஊதினாள், இறக்கினாள், ஊதினாள், இறக்கினாள். ஈரம் தட்டவில்லை.

"பொகை அம்மிணி" என்றார் சென்னியண்ணன் கடைசியில், வண்டியை நிறுத்திவிட்டு.

தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக நின்றாள் தவமணி. தகவல் தெரியாமல் அப்போதுதான் மில்லிலிருந்து வந்த ஒருத்தி வாசலில் நின்று, சாதாரணமாக, வழக்கம்போல, "என்னக்கா, தண்ணி வருதா?" என்றாள்.

தவமணிக்கு அது நெஞ்சில் குத்தியது. சாலையில் போகிறவர் ஒருவர் பைக்கை நிறுத்தி, "தண்ணி வந்துச்சுங்களா?" என்றார். அதுவும் குத்தியது. வாயைத் திறந்து "இல்லை" என்று சொல்ல முடியவில்லை, "ம்" என்றுதான் வந்தது. அந்த "ம்" எங்கேயோ கேட்ட "ம்" என்று நினைத்தாள், யாருடைய "ம்" என்று தெரிந்ததும் ஓட்டுக் குவியலின் மேல் உட்கார்ந்தாள். வாரா வாரம், மாதா மாதம், பண்டிகைக்குப் பண்டிகை, போனை எடுத்ததும் இதையல்லவா கேட்டாள்! ஆயிரமாயிரம் வார்த்தை தமிழில் இருக்க, பாவி, இதையல்லவா கேட்டாள்!

அன்றைக்குச் சாயங்காலம், பொழுது சாய்வதற்குள், இடிந்த சுவரை என்ன செய்வது என்று ஊர் பேசிக்கொண்டிருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தாள்.

"ஆருங்க?"

"நாந்தான். நம்ம ஊட்டுல ஆரு போர் போட்டது?"

"நாந்தானுங்" என்றாள் தவமணி.

"மத்தியானம் சித்த நேரம் கண்ணசந்தேன். உள்ளுக்குள்ள ஓடுது. நெஞ்சுக்குள்ள, முதுகுக்குள்ள. எந்திரிச்சா இல்ல, படுத்தா ஓடுது. ரெண்டு சின்னது, ஒரு பெருசு. அது என்ற ஊத்து, அத ஆரு ஊதறாங்கன்னு... நா வண்டிய உட்டு எறங்கீட்டேன் தவமணி. கடசியாப் போட்டதும் பொகை. இனி லீவரத் தொடறதில்லைன்னு ஒரு டீக்கடைல கிளாஸ் கழுவீட்டு இருக்கறேன்." பிறகு, ட்ரில்லர் இல்லையா, கேட்காமல் இருக்க முடியவில்லை. "தண்ணி வந்துச்சா?"

"வல்லீங்" என்றாள். "பொகைதானுங். ராடு தீர மட்டும் எறக்குனேன், பொகைதான். ஊரே நின்னு பாத்துச்சு. பாத்துட்டு அவிங்கவிங்க ஊட்டுக்குப் போயிச் சோறு தின்னாங்க. நானும் தின்னேன். ஒண்ணும் ஆயிடலீங்." மூக்கை உறிஞ்சினாள். "உங்களப் பாத்து அந்தக் கேள்விய இனி நாங் கேக்கவே மாட்டனுங். எனக்குத் தண்ணி வேண்டாம். நீங்க வாங்க."

பாவாயக்கா போனைப் பிடுங்கினாள். "ஏன்டா மாதேசு, உம் பொண்டாட்டி செவுத்த இடிச்சுப்போட்டு வெட்டவெளியில கெடக்கறாடா! வந்து ஓடு மாட்டிக் குடுத்துட்டு அப்பறம் எந்தச் சீமைக்கு வேணாலும் போ. கோயில் போருக்கு உன்ன ஆரும் ஒண்ணும் சொல்லல, சொல்லாதது தப்புத்தான், இப்ப நாஞ் சொல்றேன், பொகை வந்தா வந்துட்டுப் போவுது போடா!" கத்தி முடித்துப் பார்த்தால் லைன் கட்டாகியிருந்தது. எந்த வார்த்தை வரைக்கும் கேட்டானோ தெரியவில்லை. திரும்ப அடித்தால் ஸ்விட்ச் ஆப் என்றது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. தவமணி போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள், பிறகு பஸ் நேரமாகிவிட்டது என்று மில்லுக்குப் போனாள்.

காலையில் வந்து, குளித்து, கட்டிலைப் பழையபடி அறைக்குள் இழுத்து, மூடி போட்ட போர்க்குழிக்குப் பக்கத்தில் போட்டுச் சாய்ந்தாள். கூரை இருந்த இடத்தில் வானம் இருந்தது, வேப்பிலை ரெண்டு மேலே விழுந்தது. எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு கண்ணை மூடினாள். கண் சொருகியது, நினைப்பு அறுந்தது, விளிம்பு வந்தது.

நெஞ்செலும்புக்குள் ஏதோ கிளம்பியது. ஆனால் இது கல்லைக் குடைகிற கிர்ர் இல்லை. ஒரே சீராக ஓடியது, நடுவில் ஒரு குலுக்கல், மறுபடி சீர், மேட்டில் முக்கியது, இறக்கத்தில் லேசாகியது, எங்கேயோ வேகத்தடையில் ஏறி இறங்கித் தூக்கிப்போட்டது. போர் வண்டிக்காரன் பெண்டாட்டிக்கு இதைக்கூடவா ஒருத்தர் வந்து சொல்ல வேண்டும்? ஓடுகிற லாரியின் நடுக்கம் அது. பலகையில் முதுகைச் சாய்த்து, கால் நீட்ட இடமில்லாமல், தூங்கவும் மனசில்லாமல் வருகிற ஒருத்தனுடைய உடம்பு.

தவமணி அசையவில்லை. முழித்தால் போய்விடும், தூங்கினால் தெரியாது, அந்த விளிம்பிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. பக்கத்து வீட்டில் டம்ளர்கள் கிணுகிணுத்த சத்தம் கேட்டுப் பாவாயக்கா கையில் கரண்டியோடு இடிந்த சுவர் வழியாக ஓடிவந்தாள். சொம்பைப் பார்த்தாள், சிலுசிலுத்தது. எது வாயில் வருமோ அதுதான் வந்தது.

"ஏம் புள்ள, தண்ணி வருதா?"

தவமணி கண்ணைத் திறக்காமல், உதடு மட்டும் அசையச் சொன்னாள்.

"அவரு வர்றாருக்கா."